முனிசிபல் பள்ளியில் படிப்பது யார்?

மராட்டிய மாநிலத்தில் எஸ்.எஸ்.சி. தேர்வு முடிவுகள் வெளியாகும் நாட்களில், மும்பைத் தமிழர்கள் வாழும் பகுதிகளில் ஒரு பேச்சு தவறாமல் எழுகிறது. "முனிசிபல் பள்ளியில் போட்டால் பிள்ளை உருப்படாது" என்பதே அந்தப் பேச்சு. தாராவியிலும், சயான் கோலிவாடாவிலும், சீத்தா கேம்பிலும், மான்கூர்டிலும், ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் வட்டிக்குக் கடன் வாங்கியாவது பிள்ளையை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்துவிட வேண்டும் என்று பெற்றோர்கள் அலைகிறார்கள்.

இந்தப் பேச்சுக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது தேர்ச்சி சதவிகிதம். அந்தச் சதவிகிதம் பொய்யல்ல. அதைப் படிக்கும் முறையில்தான் கோளாறு இருக்கிறது. ஒரு பள்ளியின் தேர்ச்சி விகிதம் இரண்டு விஷயங்களைக் கலந்து சொல்கிறது. ஆசிரியர் எவ்வளவு கற்பித்தார் என்பது ஒன்று. எப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள் என்பது மற்றொன்று. இரண்டாவதைக் கணக்கில் சேர்க்காமல் முதலாவதைப் பற்றித் தீர்ப்புக் கூறுவதால் பெற்றோர் ஏமாறுகிறார்கள். மாநகராட்சியோ தன் பொறுப்பிலிருந்து எளிதாக நழுவிக்கொள்கிறது.

ஒரே ஆண்டில் மூளை மங்குமா?

சில ஆண்டுகளின் எண்களைப் பார்த்தால் விஷயம் விளங்கும். மாநில அளவில் எஸ்.எஸ்.சி. தேர்ச்சி 2018-ல் 89.41 சதவிகிதம். 2019-ல் அது 77.10 ஆக விழுந்தது. 2020-ல் 95.30 ஆக எழுந்தது. மும்பை மாநகராட்சிப் பள்ளிகளில் இந்த ஏற்ற இறக்கம் இன்னும் கடுமையாக இருந்தது. சுமார் 74 சதவிகிதத்திலிருந்து 53 சதவிகிதத்துக்கு இறங்கி, மறு ஆண்டே 90-க்கு மேல் ஏறியது.

ஒரே ஆண்டில் பிள்ளைகளின் மூளை மங்கி, அடுத்த ஆண்டில் தெளிந்துவிட்டதா? இல்லை. மொழிப் பாடங்களில் பள்ளியே வழங்கி வந்த 20 அகமதிப்பீட்டு மார்க் 2019-ல் எடுக்கப்பட்டது. அடுத்த தேர்விலேயே அது திரும்ப வந்தது. கொரோனா காலத்தில், 2021-ல், தேர்வே நடக்கவில்லை. உள் மதிப்பீட்டை வைத்தே முடிவு அறிவிக்கப்பட்டபோது தேர்ச்சி 99.95 சதவிகிதம் ஆயிற்று.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 20 மார்க் போனபோது எல்லோரும் சறுக்கினார்கள். ஆனால் முனிசிபல் பள்ளிப் பிள்ளைதான் அதிகமாகச் சறுக்கினான். வீட்டில் பாடம் சொல்லிக்கொடுக்க ஒருவர், மாலையில் டியூஷன், படிப்பதற்கு ஒரு மூலை என்று ஏதாவது தாங்கல் உள்ள பிள்ளை, ஒரு முட்டு எடுக்கப்பட்டாலும் நின்றுகொள்கிறது. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேருடன் வாழும் பிள்ளைக்கு அந்த 20 மார்க்தான் முட்டு. ஆக, 2019-ன் எண் பள்ளிக்கூடத்தின் தரத்தைக் காட்டியதை விட, பிள்ளைகளின் வீட்டு நிலையையே அதிகமாகக் காட்டியது.

ஒரு சிறு கணக்கு

வெறும் உதாரணத்துக்காக ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பள்ளியில் 60 பிள்ளைகள் தேர்வு எழுதி 45 பேர் தேறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தேர்ச்சி 75 சதவிகிதம். அடுத்த ஆண்டு, நன்றாகப் படிக்கக்கூடிய 15 பிள்ளைகளை அவர்களுடைய பெற்றோர் தனியார் பள்ளிக்கு மாற்றிவிடுகிறார்கள். மீதி 45 பேரில் 30 பேர் தேறுகிறார்கள். தேர்ச்சி 67 சதவிகிதம்கூட இல்லை. ஆசிரியர் அதே ஆசிரியர். பாடமும் அதே பாடம். ஆயினும், "பள்ளி கெட்டுவிட்டது" என்று ஊர் பேசும். அந்தப் பேச்சைக் கேட்டு மேலும் பத்துப் பேர் மாற்றிக்கொள்வார்கள்.

இன்னொரு பள்ளியிலும் அதே 60 பிள்ளைகள். படிப்பில் பின்தங்கிய 15 பேரை 9-ம் வகுப்பிலேயே டி.சி. கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். மீதி 45 பேரும் தேறுகிறார்கள். தேர்ச்சி 100 சதவிகிதம் என்று வாசலில் பானர் கட்டுகிறார்கள். முதல் பள்ளி நல்ல பிள்ளைகளை இழந்து பெயர் கெட்டது. இரண்டாவது பள்ளி மெலிந்த பிள்ளைகளைத் தள்ளிவிட்டுப் பெயர் வாங்கியது. தள்ளிவிடப்பட்ட அந்த 15 பேரும் எங்கே போவார்கள்? முனிசிபல் பள்ளிக்கோ, இரவுப் பள்ளிக்கோ, இல்லையென்றால் வேலைக்கோதான். வேண்டாம் என்று பிள்ளையை வெளியே அனுப்ப முடியாத பள்ளி முனிசிபல் பள்ளி ஒன்றுதான் என்பதை, சதவிகிதத்தைப் பார்ப்பவர்கள் மறந்துவிடக்கூடாது.

போனவர்களும் வந்தவர்களும்

மும்பை மாநகராட்சி மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, ஆங்கிலம், தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. இந்தியாவின் வேறு நகரங்களில் இப்படி ஓர் ஏற்பாட்டைக் காண்பது அரிது. ஒரே கட்டடத்தில் ஒரு மாடியில் மராத்தி, அடுத்த மாடியில் தமிழ், அதற்கும் மேலே உருது என்று வகுப்புகள் நடப்பதைத் தாராவியில் பார்க்கலாம்.

இந்த எட்டு மொழி வகுப்புகளின் நிலவரமும் கடந்த நாற்பது ஆண்டுகளில் தலைகீழாக மாறிவிட்டது. 1982 ஜனவரியில் தொடங்கிய பஞ்சாலை வேலைநிறுத்தத்தில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் சம்பந்தப்பட்டிருந்தார்கள். அதன் பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பரேல், லால்பாக் பகுதிச் சால்களில் வாழ்ந்த மராத்திக் குடும்பங்கள் பல, கல்யாண், டோம்பிவிலி, விரார் என்று வெளியேறின. வசதி கொஞ்சம் கூடியவர்கள் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு மாற்றினார்கள். மராத்தி வகுப்புகள் காலியாகத் தொடங்கின. உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகள் இந்தி, உருது வகுப்புகளை நிரப்பினார்கள்.

தமிழ் வகுப்புகளின் கதையும் ஏறக்குறைய இதுதான். ஆபீஸ் உத்தியோகத்துக்காக வந்து மாதுங்காவிலும் செம்பூரிலும் குடியேறிய குடும்பங்கள், தொடக்கத்திலிருந்தே முனிசிபல் பள்ளியை அதிகம் நம்பியதில்லை. 1932-ல் நிறுவப்பட்ட தென்னிந்தியக் கல்விச் சங்கம் போன்றவற்றின் பள்ளிகள் அவர்களுக்கு இருந்தன. முனிசிபல் தமிழ்ப் பள்ளியை நிரப்பியவர்கள் தோல் பதனிடும் வேலைக்கும், துறைமுகக் கூலிக்கும், கட்டட வேலைக்கும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகள் படித்தார்கள். சிலர் கிளார்க் ஆனார்கள், சிலர் ஆசிரியர் ஆனார்கள், சிலர் சொந்தத் தொழில் தொடங்கினார்கள். இப்போது அவர்களுடைய பிள்ளைகள் இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிறார்கள். முனிசிபல் பள்ளியின் வெற்றியே அதன் வகுப்பைக் காலி செய்தது என்றுகூடச் சொல்லலாம்.

அப்படியானால் தமிழ் வகுப்பில் இன்று உட்கார்ந்திருப்பவர் யார்? அண்மையில் ஊரிலிருந்து வந்த குடும்பத்தின் பிள்ளை. தகப்பன் இல்லாமல், நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் தாயின் பிள்ளை. கோவில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் ஊருக்குப் போனால், பள்ளி திறந்து ஒரு மாதம் கழித்துத் திரும்பி வரும் பிள்ளை. இவர்களில் பெண் பிள்ளைகளைத் தனியே குறிப்பிட வேண்டும். ஒரே வீட்டில் மகனைப் பணம் கட்டி இங்கிலீஷ் மீடியத்திலும், மகளைச் செலவில்லாத முனிசிபல் பள்ளியிலும் சேர்ப்பது நம்மவர்களிடையே புதிதல்ல. குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்கு வரிசையில் நின்றுவிட்டு, தம்பியைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, அதன் பிறகு தன் வகுப்புக்கு ஓடும் பெண்ணின் மார்க்கை, கார் வைத்துக் கொண்டுவிடப்படும் பிள்ளையின் மார்க்கோடு ஒப்பிடுவது நியாயமாகாது.

ஏழாம் வகுப்பு என்னும் ஜங்ஷன்

நடுநிலை வகுப்புகள்தான் இதில் முக்கியமான கட்டம். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 1 முதல் 8 வரை தொடக்கக் கல்வி என்று வகுத்தது. மராட்டியத்தின் பழைய முறையோ, 7-ம் வகுப்போடு தொடக்கப் பள்ளியை முடித்து, 8-ம் வகுப்பிலிருந்து உயர்நிலைப் பள்ளியைத் தொடங்குவது. சட்டத்தின் கணக்கும் கட்டடத்தின் கணக்கும் ஒத்துப்போகாத இந்த இடத்தில்தான் பல பிள்ளைகள் காணாமல் போகிறார்கள்.

மராத்தி, இந்தி, உருது படித்த பிள்ளைக்கு 8-ம் வகுப்பில் அதே மொழியில் தொடர ஓரளவு இடம் உண்டு. தமிழில் படித்த பிள்ளைக்கு அத்தகைய இடங்கள் மிகக் குறைவு. ஏழு ஆண்டுகள் "பின்னம்", "ஆரம்", "ஒளிச்சேர்க்கை" என்று படித்தவன், எட்டாவதில் திடீரென்று வேறு மொழி வகுப்பில் போய் உட்கார்கிறான். ஆசிரியர் "பிராக்ஷன்" என்கிறார், "ரேடியஸ்" என்கிறார். விஷயம் அவனுக்குத் தெரியும், வார்த்தை தெரியாது. தெரிந்த பிள்ளை தெரியாதவன் ஆகிவிடுகிறான். ஒன்பதாவதில் பெயிலாகி, இரண்டாம் முறையும் பெயிலானால், பத்தாவது எழுதுவதற்கு முன்பே பட்டறைக்கோ டீக்கடைக்கோ போய்விடுகிறான். பத்தாம் வகுப்புச் சதவிகிதத்தில் அவன் இடம்பெறுவதே இல்லை. எழுதாதவன் தோற்றவர் பட்டியலிலும் சேர மாட்டான்.

இதற்கிடையில் சட்டமும் மாறியிருக்கிறது. 8-ம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தக்கூடாது என்ற விதி 2019-ல் திருத்தப்பட்டது. அதன்படி 5, 8 வகுப்புகளில் ஆண்டுத் தேர்வும், தவறியவர்களுக்கு மறுதேர்வும், அதிலும் தவறினால் அதே வகுப்பில் நிறுத்துவதும் மராட்டியத்தில் 2023-ல் விதியாக வந்தன. எட்டாவதில் மொழி மாறும் தமிழ்ப் பிள்ளைக்கு இது இரட்டைச் சோதனை. மொழி மாறும் அதே ஆண்டில் தேர்வும் குறுக்கே நிற்கிறது.

நடுநிலை வகுப்புகளுக்குச் சட்டம் விதித்திருக்கும் அளவுகோலையும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். 6 முதல் 8 வரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர். கணிதம்-அறிவியலுக்கு ஒருவர், சமூக இயலுக்கு ஒருவர், மொழிக்கு ஒருவர் என்று குறைந்தபட்சம் இருக்க வேண்டும். பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் பணியிடம் குறைகிறது. ஆசிரியர் குறைந்தால், ஒருவரே இரண்டு வகுப்புகளைச் சேர்த்து நடத்துகிறார். அதைப் பார்த்து மேலும் பிள்ளைகள் போகிறார்கள். இதோடு தேர்தல் வேலையும், மக்கள் தொகைக் கணக்கெடுப்பும் ஆசிரியர் தலையில் விழுகின்றன. இந்த இரண்டையும், பேரிடர் நிவாரணத்தையும் தவிர வேறு வேலைக்கு ஆசிரியரை அனுப்பக்கூடாது என்பது சட்டம்.

இங்கிலீஷ் மீடியம் என்ற மருந்து

பெற்றோரின் ஆங்கில ஆசையைப் பகட்டு என்று தள்ளிவிட முடியாது. ஆங்கிலம் தெரியாததால் இண்டர்வியூவில் தலைகுனிந்த தகப்பன், தன் மகனுக்கு அந்த நிலை வேண்டாம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் குறைந்த பீஸ் வாங்கும் தெருமுனைப் பள்ளி எல்லாம் ஆங்கிலம் கற்பித்துவிடும் என்பது நம்பிக்கையே தவிர நிச்சயமல்ல. தாய்க்கு வாசிக்கத் தெரியாத மொழியில் பிள்ளை படிக்கும்போது, வீட்டுப்பாடம் முழுவதும் டியூஷன் வாத்தியாரிடம் போகிறது. பீஸ், டியூஷன், வேன், புத்தகம் என்று சம்பளத்தில் பெரும் பங்கு கரைகிறது. இடையில் வேலை போனால் பிள்ளை பள்ளியும் மாறுகிறது, மொழியும் மாறுகிறது. கொரோனாவுக்குப் பிறகு பல குடும்பங்கள் இப்படித்தான் முனிசிபல் பள்ளிக்குத் திரும்பின. 2022-ல் ஒரு லட்சம் பிள்ளைகளைச் சேர்ப்பது என்று மாநகராட்சி இயக்கம் நடத்தியபோது அதற்குக் கிடைத்த வரவேற்பிலும் இந்தக் கஷ்டத்தின் பங்கு உண்டு.

மாநகராட்சியும் காற்று வீசும் திசையைப் பார்த்துக்கொண்டது. 2020-ல் மாதுங்கா உல்லன் மில் பள்ளியில் ஐ.சி.எஸ்.இ. பாடத்திட்டத்தையும், ஜோகேஸ்வரி பூனம் நகரில் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தையும் தொடங்கியது, பிறகு பல இடங்களில் விரிவுபடுத்தியது. இடங்களை விட விண்ணப்பங்கள் அதிகமானதால் குலுக்கல் முறை வந்தது. இது வரவேற்கத்தக்க முயற்சி. ஆனால் இப்பள்ளிகளின் மார்க்கைத் தமிழ், தெலுங்கு, கன்னட வகுப்புகளின் மார்க்கோடு பக்கத்தில் வைத்து, "பாருங்கள் வித்தியாசத்தை" என்று நாளை யாராவது சொன்னால், முன்னே போட்ட கணக்கை நினைவில் கொள்ள வேண்டும். விண்ணப்பம் போட்டு, குலுக்கலுக்குக் காத்திருந்து, தினமும் பிள்ளையைக் கொண்டுவிடக்கூடிய பெற்றோரின் பிள்ளைகள் ஒரு பக்கம். அது எதுவும் முடியாத பெற்றோரின் பிள்ளைகள் மறு பக்கம்.

தனியார் பள்ளிகளில் ஏழைகளுக்கு 25 சதவிகித இடம் என்ற விதியும் இதோடு தொடர்புடையது. அரசு அல்லது உதவி பெறும் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தால், தனியார் பள்ளி அந்த இடங்களைத் தர வேண்டியதில்லை என்று 2024 பிப்ரவரியில் மராட்டிய அரசு அறிவித்தது. மும்பை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஜூலையில் அதை ரத்து செய்தது. உரிமை நிலைத்தது, அதைப் பயன்படுத்துவது பெற்றோர் கையில் இருக்கிறது.

கேட்டால் கிடைப்பவை

முனிசிபல் பள்ளிப் பிள்ளைக்கு உள்ள சில வாய்ப்புகள் நம்மவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. மத்திய அரசின் தேசிய வருவாய்வழித் திறன் உதவித்தொகைக்கு 8-ம் வகுப்பில் தேர்வு நடக்கிறது. தேறினால் 9 முதல் 12 வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்கு மேற்படக்கூடாது. அரசு, உதவி பெறும் பள்ளி, உள்ளாட்சிப் பள்ளி மாணவர்களுக்குத்தான் இது உண்டு. கடன் வாங்கித் தனியார் பள்ளியில் சேர்த்தவர், இந்த 48,000 ரூபாய் வாய்ப்பையும் சேர்த்தே விட்டுவிடுகிறார்.

சாதிச் சான்றிதழ் விஷயத்திலும் தெளிவு வேண்டும். தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கான சலுகையை மராட்டியத்தில் பெற, 1950 ஆகஸ்டு 10-க்கு முன்பே குடும்பம் இம்மாநிலத்தில் வசித்ததற்குச் சான்று கேட்கப்படுகிறது. பிறகு வந்த குடும்பத்தின் பிள்ளை, அதே வகுப்பு, அதே வறுமை என்றாலும் அச்சலுகைக்கு வெளியே நிற்கிறது. பாட்டனாரின் பழைய பள்ளிச் சான்றிதழ் பெட்டியின் அடியில் இருந்தால், அதைப் பத்திரப்படுத்துவது நல்லது. அது இல்லாதவர்களுக்கு வருமானத்தை அடிப்படையாகக் கொண்ட உதவித்தொகையே வழி.

எல்லாவற்றுக்கும் மேலாக, பள்ளி நிர்வாகக் குழு என்று ஒன்று சட்டப்படி உண்டு. அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்கள். பள்ளி நடப்பதைக் கண்காணிப்பதும், வரும் பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் அதன் வேலை. 2022 மார்ச்சில் மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்து, மூன்று ஆண்டுகளுக்கு மேல் கவுன்சிலர்களே இல்லாமல் கமிஷனரின் நிர்வாகம் நடந்தது. அந்த ஆண்டுகளிலும் பெற்றோர் கேள்வி கேட்பதற்கு இருந்த இடம் இந்தக் குழுதான்.

தாராவி கலைந்தால்

தாராவி மறுசீரமைப்புத் திட்டம் இப்பிரச்சினையை இன்னும் அவசரமாக்கியிருக்கிறது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் வாழ்வோருக்குத் தாராவியிலேயே வீடு. அதன் பிறகு வந்தவர்களுக்கும், மாடிகளில் குடியிருப்போருக்கும் தாராவிக்கு வெளியே என்பது திட்டத்தின் அடிப்படை. இப்போது தமிழ் வகுப்பில் மிஞ்சியிருப்பவர்கள் யார் என்று மேலே பார்த்தோம். பெரும்பாலும் பின்னால் வந்தவர்கள், வாடகைக்கு இருப்பவர்கள், மாடியில் இருப்பவர்கள். வீட்டோடு சேர்ந்து வகுப்பும் கலையப்போகிறது. ஏழாவது படிக்கும் பிள்ளை பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளிக் குடியேறினால், அங்கே தமிழ் வகுப்பு இருக்குமா என்ற கேள்விக்கு வீட்டு வரைபடத்தில் பதில் இல்லை. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியில் தாய்மொழி வசதி செய்து தர முயல வேண்டும் என்று 1956-ல் அரசியல் சட்டத்தில் 350-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. இடமாற்றத் திட்டம் தீட்டுபவர்களுக்கு அதை நினைவூட்ட வேண்டிய நேரம் இது.

ஆகவே, பள்ளியைப் பற்றித் தீர்ப்புக் கூறுவதற்கு முன் மூன்று எண்களைக் கேட்க வேண்டும். முதல் வகுப்பில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர்? அவர்களில் ஏழாவது வரை வந்தவர்கள் எத்தனை பேர்? எட்டாவதில் அவர்கள் எந்தப் பள்ளியில், எந்த மொழியில் சேர்ந்தார்கள்? மாநகராட்சி இந்த மூன்றையும் மொழிவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று தமிழ் அமைப்புகள் கோர வேண்டும். ஏழாவது முடிக்கும் ஒவ்வொரு தமிழ்ப் பிள்ளைக்கும் எட்டாவதில் இடம் எங்கே என்பதை மார்ச் மாதத்திலேயே பெற்றோருக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். மொழி மாறும் பிள்ளைகளுக்கு ஆறாவதிலிருந்தே கணித, அறிவியல் சொற்களை இரண்டு மொழியிலும் பழக்குவதற்குப் பெரிய செலவு தேவையில்லை. ஆசிரியருக்கு நேரமும் உத்தரவும் இருந்தால் போதும்.

பிள்ளையை எங்கே சேர்ப்பது என்பது அந்தந்தக் குடும்பத்தின் முடிவு. அதில் யாரும் தலையிட முடியாது. ஆனால் தங்கள் பிள்ளைகளை மாற்றிக்கொண்டு போன குடும்பங்களும், தாங்கள் படித்துவிட்டு வந்த பள்ளியின் நிர்வாகக் குழு எப்போது கூடுகிறது என்று விசாரிப்பதில் தவறில்லை. அங்கே இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்கள் நேற்று ஊரிலிருந்து வந்த நம் உறவுகளின் பிள்ளைகள்தான்.